பென்ஸுக்கு ஒரு வீதி, லெக்ஸஸுக்கு ஒரு வீதி

எதிரே வரும் கார் ஹெட்லைட்டை இரண்டு தரம் அடித்தால் அதற்கு என்ன அர்த்தம்? கொழும்பில் கேட்டால், "நான் வாறேன், நீ நில்லு" என்று சின்னப் பிள்ளையும் சொல்லும். லண்டனில் அதே லைட்டை அடித்தால், "நீங்கள் முதலில் போங்கள்" என்று பொருள். தான் அங்கே இருப்பதை மற்றவருக்குக் காட்டுவதற்கு மட்டுமே லைட் அடிக்க வேண்டும் என்று பிரித்தானியாவின் வீதி ஒழுங்குக் கோவை சொன்னாலும், அங்குள்ள சாரதிகள் வழி விடுவதற்குத்தான் அதைப் பயன்படுத்துகிறார்கள். ஜேர்மனியில் நகருக்கு வெளியே, முந்திச் செல்லப் போகிறேன் என்று அறிவிப்பதற்காக லைட் அடிக்கச் சட்டமே இடம் கொடுக்கிறது. ஆனால் முன்னே போகிறவரின் முதுகில் ஒட்டிக்கொண்டு அடித்துக்கொண்டே போனால் அது குற்றம். ஜப்பானிலோ, வழி விட்டவருக்கு நன்றி சொல்வதற்கென்றே நான்கு சிக்னல் விளக்குகளையும் ஒன்றாக இரண்டு மூன்று தரம் மின்னவிடுகிறார்கள். இங்கே லைட் அடித்துப் பழகிய ஒருவர் லண்டனுக்குப் போய் அதே கையால் லைட் அடித்தால், எதிரே இருப்பவர் நன்றி சொல்லிக்கொண்டு நேரே குறுக்கே வந்துவிடுவார்.

விளக்கு ஒன்றுதான், பாஷைதான் வேறு. சொகுசுக் கார்களும் இப்படித்தான் என்பதை வாங்குகிறவர்கள் யோசிப்பதில்லை. மலிவான சிறிய கார்கள் உலகத்தின் எந்த மூலைக்கும் விற்கும் எண்ணத்தில் செய்யப்படுபவை. எந்த ஊரில் விட்டாலும் ஒரு மாதிரியாக ஓடிவிடும். சொகுசுக் காரைச் செய்பவனோ, தன் ஊர்ப் பணக்காரன் எந்த வீதியில், எந்தச் சட்டத்தின் கீழ், எந்த ஆசனத்தில் அமர்ந்து போவான் என்று பார்த்துப் பார்த்துச் செய்கிறான். அந்த வீதியும் சட்டமும் கப்பலில் ஏறி வருவதில்லை, கார் மட்டும்தான் வருகிறது.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் திறக்கப்பட்ட நாளிலிருந்து, பஞ்சிகாவத்தையில் எனது உதிரிப்பாகக் கடைக்குச் சாமான் கேட்டு வருகிறவர்களைவிட ஆலோசனை கேட்டு வருகிறவர்களே அதிகம். "நானா, பென்ஸ் எடுக்கவா, லெக்ஸஸ் எடுக்கவா?" என்பதுதான் பெரும்பாலும் கேள்வி. இங்கே சொகுசுக் கார் ஒன்றின் மேல் விழும் தீர்வைகளையும் சொகுசு வரியையும் கூட்டினால், அந்தக் காரின் சொந்த நாட்டு விலையைவிட வரியே கூடுதலாக வந்து நிற்கும். அவ்வளவு காசைக் கொட்டுகிறவர் எதற்காகக் கொட்டுகிறோம் என்று தெரிந்துகொண்டு கொட்டுவது நல்லது. எந்த நாட்டுக் கார் எந்தப் பழக்கத்துக்குப் பிறந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

கார் பிறந்த வீடு ஜேர்மனி. கார்ல் பென்ஸ் தனது மூன்று சக்கர மோட்டார் வண்டிக்கு 1886 ஜனவரி 29 ஆம் திகதி காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். வண்டி தயார், ஆனால் வாங்க ஆட்கள் முன்வரவில்லை. 1888 ஆகஸ்டில் அவரது மனைவி பெர்தா, கணவரிடம் ஒரு வார்த்தையும் சொல்லாமல் இரண்டு மகன்மாரையும் ஏற்றிக்கொண்டு, மன்ஹைமிலிருந்து போர்ட்ஸ்ஹைமில் இருந்த தாய் வீட்டுக்கு நூறு கிலோமீற்றருக்கு மேல் ஓட்டிப் போனார். வழியில் எரிபொருள் தீர்ந்தது, மருந்துக் கடையில் வாங்கி ஊற்றினார். குழாய் அடைத்தது, தொப்பி ஊசியால் குத்தித் துப்புரவாக்கினார். பிரேக் கட்டை தேய்ந்தது, செருப்புத் தைப்பவரிடம் கொடுத்துத் தோல் அடித்துக்கொண்டார். உலகத்தின் முதல் நீண்ட தூர ஓட்டமும் அதுதான், முதல் உதிரிப்பாகக் கொள்வனவும் அதுதான் என்று எங்கள் தொழிலில் இருப்பவர்கள் சொல்லிக்கொள்ளலாம்.

ஜேர்மன் காரை இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தது ஓட்டோபான் என்ற அதிவேகப் பாதை. அதன் பெரும்பகுதியில் நிரந்தர வேகக் கட்டுப்பாடு கிடையாது. 130 கிலோமீற்றர் என்பது சிபாரிசு மாத்திரமே. அதற்கு மேல் போய் விபத்தில் மாட்டிக்கொண்டால், பிழை மற்றவருடையதாக இருந்தாலும் நட்டத்தில் ஒரு பங்கை இவர் தலையிலும் நீதிமன்றம் வைக்கலாம். இடது ஒழுங்கையில் ஒருவர் 200 இல் வருகிறார், வலது ஒழுங்கையில் லொறி ஒன்று 80 இல் போகிறது. லொறியை முந்துவதற்கு இன்னொரு கார் திடீரென இடது பக்கம் எடுக்கிறது. அந்தக் கணத்தில் 200 ஐ 100 ஆக்கும் பிரேக் வேண்டும், அப்படிப் பிடிக்கும்போது வண்டி ஆடாமல் நிற்கும் சஸ்பென்ஷன் வேண்டும். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் இறுகிவிடாமல் காக்கும் ஏ.பி.எஸ். முறையை பொஷ் நிறுவனத்தோடு சேர்ந்து மெர்சிடிஸ் 1978 இல் எஸ் கிளாஸ் காருக்குக் கொடுத்ததும், 1981 இல் அதே வரிசைக் காருக்குக் காற்றுப்பை வந்ததும் அலங்காரத்துக்காக அல்ல. அந்த வீதியில் அவை இல்லாவிட்டால் ஆள் தப்பமாட்டான். ஜேர்மன் காரின் ஆசனம் கொஞ்சம் கடினமாக இருக்கிறது, ஸ்டியரிங் பாரமாக இருக்கிறது என்று நம்மவர்கள் குறை சொல்வதுண்டு. மூன்று மணித்தியாலம் 180 இல் ஓட்டுகிறவனுக்குச் செய்த ஆசனம் அது. மெத்தை மாதிரி இருந்தால் அவனுக்கு முதுகு நொந்துவிடும்.

வேகத்துக்கு இப்படி இடம் கொடுத்த நாடு மற்ற எல்லாவற்றிலும் கையை இறுக்கிப் பிடித்திருக்கிறது. ஓட்டோபானில் வலது பக்கத்தால் முந்துவது தடை. முன்னுள்ள வாகனத்துக்கும் உங்களுக்கும் இடையே, வேகமானி காட்டும் எண்ணில் பாதியளவு மீற்றராவது இடைவெளி வேண்டும் என்பது அங்கே பிள்ளைப் பாடம். 100 இல் போனால் 50 மீற்றர். எரிபொருள் தீர்ந்து நடுவழியில் நின்றால் தண்டம், ஏனென்றால் அது கவலையீனம். வாகன நெரிசல் தொடங்கும்போதே இடது ஒழுங்கைக்காரர் இடப்பக்கமும் மற்றவர்கள் வலப்பக்கமும் ஒதுங்கி அம்புலன்சுக்கு நடுவே பாதை விட வேண்டும், அம்புலன்ஸ் வந்த பிறகல்ல. இன்னொரு சாரதியைப் பார்த்து விரலால் கெட்ட சைகை காட்டினால் அவமதிப்புக் குற்றமாக வழக்கு வரும். குற்றப் புள்ளிகள் எட்டானால் சாரதி அனுமதிப்பத்திரம் பறிபோகும். அந்தப் பத்திரத்தை எடுப்பதற்கே இரவில் ஓட்டுவதற்கும், நகருக்கு வெளியே ஓட்டுவதற்கும், ஓட்டோபானில் ஓட்டுவதற்கும் தனித்தனிப் பாடங்கள். இரண்டாயிரம், மூவாயிரம் யூரோ செலவாவது சாதாரணம். ஜேர்மன் காரின் விலையில் ஒரு பகுதி அந்தச் சாரதிப் பயிற்சி என்றுதான் நான் சொல்வேன். நாம் அந்தப் பகுதியைத் துறைமுகத்திலேயே விட்டுவிட்டு வருகிறோம்.

இன்னுமொரு விடயம் பலருக்குத் தெரியாது. பென்ஸ் என்றால் நமக்குக் கல்யாண மாப்பிள்ளை ஏறும் கார். ஜேர்மனியில் இளமஞ்சள் நிற பென்ஸ் என்றால் டாக்சி. அங்கே ஓடும் புதிய சொகுசுக் கார்களில் பெரும்பங்கு கம்பனிகளின் பெயரில் பதிவானவை. உத்தியோகத்தரின் சொந்தப் பாவனைக்காக, காரின் பட்டியல் விலையில் மாதம் 1 சதவீதத்தை வருமானமாகக் கணக்கிட்டு வரி அறவிடுவார்கள். அவர் மூன்று நான்கு வருடம் கம்பனிக் கணக்கில் பராமரித்து ஓட்டிவிட்டுத் திருப்பிக் கொடுப்பார். பெரிய செலவுகள் தலைகாட்டும் காலத்தில்தான் கார் இரண்டாம் கைக்கு வருகிறது. அந்த இரண்டாம் கை பல சமயம் நம்முடைய கைதான். அங்கே புதுக் கார் ஓர்டர் பண்ணும்போது, பின்பக்கத்தில் இருக்கும் மொடல் இலக்கம் வேண்டாம் என்று சொல்லி எடுத்துவிடும் வசதியும் இருக்கிறது. பெரிய எஞ்சின் வைத்திருப்பதை அயலவர் அறியத் தேவையில்லை என்று நினைக்கும் பலர் அப்படிச் செய்கிறார்கள். பஞ்சிகாவத்தையிலோ சின்ன எஞ்சின் காருக்குப் பெரிய இலக்கம் ஒட்டுவதற்கு ஆள் வருகிறது. அந்த வியாபாரத்தையும் நாம்தான் செய்கிறோம், மறைப்பானேன்.

ஜப்பானுக்குப் போனால் கதை தலைகீழாகிறது. சாதாரண வீதியில் உச்ச வேகம் 60, அதிவேகப் பாதைகளில் பொதுவாக 100. சில பகுதிகளில் 120 ஆக்கப்பட்டதே 2020 அளவில்தான். நகரங்கள் நெருக்கம், ஒழுங்கைகள் ஒடுக்கம். இங்கே வேகத்தை விற்று என்ன பயன்? ஜப்பான்காரன் அமைதியை விற்றான்.

1967 இல் வந்த டொயோட்டா சென்சுரி என்ற காரைப் பாருங்கள். டொயோட்டா குழுமத்தின் மூலவர் சகிச்சி டொயோடா பிறந்து நூறு வருடம் நிறைந்ததை ஒட்டி வைத்த பெயர் அது. 2006 இல் ஜப்பானியப் பேரரசருக்கென்று விசேடமாகச் செய்ததும் இந்த வரிசையில்தான். இதில் தோல் ஆசனத்தைவிடக் கம்பளித் துணி ஆசனத்துக்குத்தான் மதிப்பு. தோல் ஆசனத்தில் ஆள் அசைந்தால் கிறீச்சிடும், துணி சத்தம் போடாது. காரின் முதலாளி பின்னால் அமர்பவர். அவர் காலை நீட்டுவதற்காக, முன் பயணி ஆசனத்தின் முதுகில் நடுப்பகுதியைத் திறந்து வழி விடும் வசதி வைத்திருந்தார்கள். இவ்வளவும் செய்துவிட்டு, வெளியே பார்த்தால் பழைய காலத்துப் பெட்டி மாதிரி ஒரு கறுப்புக் கார். பணத்தைக் காட்டுவது அங்கே மரியாதைக் குறைவு.

லெக்ஸஸ் வேறு வழியில் வந்தது. 1983 இல் டொயோட்டாவின் தலைவர் எய்ஜி டொயோடா, உலகத்தின் மிகச் சிறந்த காரோடு போட்டி போடக்கூடிய ஒன்றை நம்மால் செய்ய முடியுமா என்று தன் ஆட்களைக் கேட்டார். ஜப்பானில் விற்பதற்கல்ல, அமெரிக்கப் பணக்காரனுக்கு விற்பதற்கு. 1985 இல் ஒரு குழுவைக் கலிபோர்னியாவுக்கு அனுப்பி, லகுனா பீச்சில் வீடு எடுத்துக் கொடுத்து, பணக்காரர்கள் எப்படி வாழ்கிறார்கள், காரில் எப்படி ஏறுகிறார்கள், இறங்குகிறார்கள் என்று பார்க்க வைத்தார்கள். சந்தை ஆய்வு என்றால் அதுதான். 1989 இல் எல்.எஸ். 400 அமெரிக்காவில் இறங்கியது. போனட்டின் மேல் கண்ணாடிக் கோப்பைகளைக் கோபுரம் மாதிரி அடுக்கி, உருளைகளின் மேல் காரை வைத்து முழு வேகத்தில் ஓட்டிய விளம்பரத்தில் ஒரு கோப்பையும் சரியவில்லை. விலையோ பெரிய ஜேர்மன் கார்களைவிட எவ்வளவோ குறைவு.

அதே வருடம் டிசம்பரில் சோதனை வந்தது. மின் இணைப்பிலும் பிரேக் விளக்கிலும் குறை என்று ஓரிரு முறைப்பாடுகள். விற்ற எட்டாயிரம் கார்களையும் திருப்பி அழைத்தார்கள். வாடிக்கையாளரை வரச் சொல்லவில்லை. வீட்டுக்கே போய்க் காரை எடுத்து, குறையைத் திருத்தி, கழுவி, எரிபொருள் நிரப்பிக் கொண்டுபோய் விட்டார்கள். பெயர் கெட்டுப் போக வேண்டிய இடத்தில் பெயர் வாங்கினார்கள். வியாபாரம் செய்கிறவர்கள் வாகனத்தில் அக்கறை இல்லாவிட்டாலும் இந்தப் பந்தியை இரண்டாம் தரம் படிக்கலாம். வேடிக்கை என்னவென்றால் லெக்ஸஸ் என்ற பெயர் ஜப்பானிலேயே விற்பனைக்கு வந்தது 2005 இல்தான். அதற்கு முன் அதே கார் அங்கே டொயோட்டா செல்சியோர்.

ஜப்பானில் கார் வாங்குவதற்கு முன் அதை நிறுத்த இடம் இருக்கிறது என்று அத்தாட்சி காட்ட வேண்டும். 1962 இல் வந்த சட்டம். இடம் வீட்டிலிருந்து 2 கிலோமீற்றருக்குள் இருக்க வேண்டும். நமது ஊரில் அந்தச் சட்டம் வந்தால் பாதிக் கார்கள் விற்பனைக்கு வந்துவிடும். புதுக் கார் என்றால் மூன்றாம் வருடம், அதன் பின் இரண்டு வருடத்துக்கு ஒரு தரம் 'ஷாக்கென்' என்ற கடுமையான பரிசோதனை. பரிசோதனைக் கட்டணம், வரி, காப்புறுதி, திருத்தச் செலவு எல்லாம் ஒரே நேரத்தில் வந்து சேரும். இதற்குக் காசு போடுவதைவிடப் புதிது வாங்குவோம் என்று பலர் நல்ல நிலையில் இருக்கும் காரையே விற்றுவிடுகிறார்கள். நமது ரீகண்டிஷன் வியாபாரத்தின் ஊற்றுக்கண்களில் ஒன்று அதுதான். ரயில் கடவை திறந்திருந்தாலும் நிறுத்திப் பார்த்துத்தான் கடக்க வேண்டும், ஹோர்ன் சத்தம் அபூர்வம். அப்படி ஓடிய கார் ஐந்து வருடத்துக்குப் பின்னும் புதிது மாதிரி இருப்பதில் அதிசயமில்லை. மீற்றரைத் திருப்பும் கலை பெரும்பாலும் இந்தப் பக்கத்துக்கு வந்த பிறகு நடப்பது.

பிரித்தானியாவுக்கு வருவோம். ரோல்ஸ் ரொய்ஸ் நிறுவனம் நீண்ட காலம் தன் எஞ்சினின் குதிரைவலுவைச் சொல்ல மறுத்துவந்தது. கேட்டால், 'போதுமானது' என்பதுதான் பதில். அந்த ஒரு சொல்லில் பிரித்தானியக் கனவானின் முழுக் குணமும் இருக்கிறது. ஓசையில்லாமல், அவசரமில்லாமல், கேள்வி கேட்கப்படாமல் போவதே அவருக்குச் சொகுசு. மழை நாடு என்பதால் 2003 இல் வந்த ஃபாண்டம் காரின் கதவுக்குள்ளேயே குடையை வைத்துக் கொடுத்தார்கள். வீதியிலும் அதே குணம்தான். ஒடுங்கிய கிராமப் பாதையில் இரண்டு கார்கள் சந்தித்தால் ஒருவர் பின்னால் எடுப்பார், மற்றவர் கையை உயர்த்தி நன்றி சொல்வார். சுற்றுவட்டத்தில் வலப்பக்கம் இருந்து வருகிறவருக்கு முதலிடம் என்ற விதி அவர்களிடமிருந்துதான் நமக்கு வந்தது. விதி வந்தது, காத்திருக்கும் பழக்கம் வரவில்லை. இன்று ரோல்ஸ் ரொய்ஸ் கார் பீ.எம்.டபிள்யூ. கையில், பென்ட்லி 1998 முதல் வொக்ஸ்வேகன் கையில், ஜகுவாரும் லேண்ட் ரோவரும் 2008 முதல் இந்தியாவின் டாட்டா கையில். வாங்கியவர்கள் எவரும் அந்தக் கார்களின் ஆங்கிலக் குணத்தை மாற்றத் துணியவில்லை. விலையில் பாதி அதற்குத்தான் என்பது அவர்களுக்குத் தெரியும்.

அமெரிக்காவில் தூரம்தான் எல்லாம். 1956 இல் மாநிலங்களை இணைக்கும் நெடுஞ்சாலைத் திட்டம் சட்டமாகிய பின், நாள் முழுக்க நேர்கோட்டில் ஓடும் பாதைகள் வந்தன. கெடிலக்கும் லிங்கனும் அந்தப் பாதைக்குச் செய்த ஓடும் வரவேற்பறைகள். சஸ்பென்ஷன் மெத்தை மாதிரி, ஸ்டியரிங் ஒரு விரலுக்கு அடங்கும். 1959 கெடிலக்கின் பின்னால் மீன் துடுப்பு மாதிரி எழுந்து நின்றவை எதற்கும் உதவாதவை, காட்டுவதற்கு மட்டும். ஆனால் கையால் சுழற்றி எஞ்சினை எழுப்பிய காலத்துக்கு முடிவு கட்டிய மின்சார ஸ்டார்ட்டரைத் தன் கார்களில் கொண்டுவந்ததும் இதே கெடிலக்தான், 1912 இல். எரிபொருள் நெருக்கடியால் 1974 இல் நாடு முழுவதற்கும் மணிக்கு 55 மைல், அதாவது 88 கிலோமீற்றர் என்று போட்ட கட்டுப்பாடு முற்றாக நீங்க 1995 ஆயிற்று. வளைவும் இல்லை, வேகமும் இல்லை என்றால் காரில் என்ன செய்வது? சாப்பிடுவது, குடிப்பது. கோப்பை வைக்கும் இடம் அமெரிக்கனுக்கு அத்தியாவசியம். ஜேர்மன் பொறியியலாளருக்கோ, ஓட்டுகிறவன் ஏன் குடிக்கிறான் என்பது நீண்ட காலம் விளங்காத கேள்வி. அமெரிக்கக் காரைக் கேலி செய்கிறவர்கள் ஒன்றை மறக்கக்கூடாது: சமிக்ஞை விளக்கு இல்லாத நாற்சந்தியில் நான்கு பக்கமும் நிறுத்தி, முதலில் வந்தவர் முதலில் போவது என்று பொலிஸ்காரர் இல்லாமலே நடத்திக் காட்டுகிறவர்கள் அவர்கள்.

சுவீடன் சிறிய நாடு. குளிர், இருட்டு, வீதியில் திடீரென வந்து நிற்கும் காட்டு மான். அங்கே சொகுசு என்றால் உயிரோடு வீடு போய்ச் சேருவது. மூன்று இடத்தில் பொருத்தும் ஆசனப் பட்டியை வொல்வோவின் பொறியியலாளர் நீல்ஸ் பொலின் 1959 இல் கொண்டுவந்தார். காப்புரிமையை வைத்துக் காசு பறிக்காமல் எல்லா நிறுவனங்களும் செய்துகொள்ள அனுமதித்தது வொல்வோ. உங்கள் காரில் இருக்கும் பட்டி அந்தப் பட்டிதான். நாம் அதை முன் ஆசனத்தில், பொலிஸ்காரரைக் கண்ட பிறகு போட்டுக்கொள்கிறோம். 1967 செப்டம்பர் 3 ஆம் திகதி ஒரே நாளில் நாடு முழுவதும் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாறிக் காட்டிய மக்கள் அவர்கள். 2020 இலிருந்து வொல்வோ தன் புதிய கார்களின் உச்ச வேகத்தை 180 இல் பூட்டிவிட்டது. ஜேர்மன் கம்பனிகள் 1980களின் இறுதியில் தங்களுக்குள் பேசிப் போட்டுக்கொண்ட பூட்டு 250.

இந்த இரண்டு மனப்போக்கும் மோதிய சம்பவம் ஒன்று உண்டு. 1997 இல் மெர்சிடிஸ் ஏ கிளாஸ் என்ற சிறிய காரை வெளியிட்டது. சொகுசுக் கார் அல்ல, ஆனால் பெயர் பெரியது. சுவீடனின் மோட்டார் சஞ்சிகை ஒன்று அதைத் தங்கள் ஊர்ச் சோதனைக்கு உட்படுத்தியது. மான் குறுக்கே வந்தால் செய்வதுபோல் சட்டென ஒரு பக்கம் வெட்டி மறுபக்கம் எடுப்பதுதான் சோதனை. கார் புரண்டுவிட்டது. உலகமே சிரித்தது. மெர்சிடிஸ் விநியோகத்தை நிறுத்தி, சஸ்பென்ஷனைத் திருத்தி, வண்டி சறுக்காமல் பிடிக்கும் இ.எஸ்.பி. முறையை அந்தச் சிறிய காருக்கும் கட்டாயமாகப் பொருத்தியது. அதுவரை பெரிய கார்களுக்கு மட்டும் கிடைத்த பாதுகாப்பு அது. சுவீடன் வீதியில் ஒரு மான் இருந்திராவிட்டால் அது சிறிய காருக்கு வர இன்னும் எத்தனை வருடம் சென்றிருக்குமோ!

வளைகுடா நாடுகளைப் பற்றி இங்கே பலருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். எத்தனையோ வீடுகளில் தகப்பனோ சகோதரனோ அங்கே சாரதியாக இருந்து உழைத்த காசில்தான் கூரை ஏறியது. அங்கே கார் செய்யும் பழைய பாரம்பரியம் இல்லை, ஆனால் காரை அவர்கள் தங்களுக்கேற்ப மாற்ற வைத்தார்கள். வளைகுடாவுக்கென்று வரும் கார்களில் குளிரூட்டியும் ரேடியேட்டரும் வெப்பத்துக்குத் தாக்குப் பிடிக்கும்படி பலப்படுத்தப்பட்டிருக்கும். மணலையும் வெயிலையும் தாங்கிய லேண்ட் குரூசர், எத்தனை ஜேர்மன் கார் வந்தாலும் அங்கே தன் இடத்தை விடவில்லை. காரை எல்லோரும் வாங்கிவிடலாம் என்றானபோது இலக்கத் தகடு சொகுசாயிற்று. 2008 இல் அபுதாபியின் '1' என்ற இலக்கம் 52.2 மில்லியன் திர்ஹமுக்கும், 2023 இல் துபாயின் 'பி 7' என்ற இலக்கம் 55 மில்லியன் திர்ஹமுக்கும் ஏலம் போயின. இரண்டு ஏலங்களின் பணமும் தர்ம காரியங்களுக்குச் சென்றது என்பதையும் சொல்ல வேண்டும்.

சீனாவைப் பற்றி இப்போதைக்கு ஒன்று. அங்கே முதலாளி பின்னால் அமர்பவர் என்பதால், ஜேர்மன் கம்பனிகள் தங்கள் கார்களை நீட்டி, பின் ஆசனத்துக்கு இடம் கூட்டித் தனியாகச் செய்துகொடுக்கின்றன. வாங்குகிறவன் பலமாக இருந்தால் செய்கிறவன் வளைந்து கொடுப்பான். நாம் அந்தப் பலத்தில் இல்லை. மற்றவர்களுக்குச் செய்ததைத்தான் எடுக்கிறோம்.

எடுக்கும்போது அந்த மற்றவரின் அடையாளம் காரில் கிடக்கும். பிரித்தானியாவிலிருந்து வந்த பென்ஸின் வேகமானி மைலில் பேசும். ஜப்பானில் ஓடிய பென்ஸின் திரை ஜப்பான் மொழியில் பேசும், அதன் வானொலியில் நமது நிலையங்கள் பலவும் கேட்காது. அங்கே எஃப்.எம். 76 இல் ஆரம்பித்து 90 சொச்சத்தில் முடிகிறது, நமது நிலையங்கள் 108 வரை பரந்திருக்கின்றன. இதை மாற்ற ஒரு சின்னப் பெட்டி வாங்கிப் பொருத்தலாம், காசு அதிகமில்லை. எரிபொருளை அப்படி மாற்ற முடியாது. ஜேர்மனியில் 95, 98 ஒக்டேன் ஊற்றும்படி செய்த எஞ்சினுக்கு இங்கே 92 ஐ ஊற்றிச் சிக்கனம் பார்க்கிறவர் கணக்கை வேறொரு பக்கத்தில் தீர்ப்பார்.

வேகத்தையும் பாருங்கள். நமது அதிவேகப் பாதைகளில் உச்சம் 100. நகருக்கு வெளியே மற்ற வீதிகளில் 70, நகருக்குள் 50. 250 இல் பூட்டிய காரை வாங்கி, அதன் திறமையில் பாதியை ஒரு நாளும் தொடாமலே விற்கிறோம். ஆனால் அந்தத் திறமையைத் தாங்கும் பெரிய பிரேக் தட்டையும் அகன்ற டயரையும் மாற்றும்போது முழுக் காசும் கொடுக்கிறோம். இடப்பக்க ஓட்டம், நெரிசல், குறைந்த வேகம், பின்னால் அமரும் வாப்பாவும் உம்மாவும் என்று பார்த்தால், நமது வாழ்க்கைக்குக் கிட்ட வருவது ஜப்பான் கார்தான் என்பது எனது கருத்து. அதிலும் ஒரு நிபந்தனை இருக்கிறது. இரண்டு வருடத்துக்கொரு தரம் அங்கே அரசாங்கம் கட்டாயப்படுத்திச் செய்வித்த பரிசோதனையை இங்கே நாமாக, நமது காசில் செய்விக்க வேண்டும். ஜப்பான் கார் பழுதாகாது என்று நம்பி எண்ணெய் மாற்றாமல் ஓட்டிய எஞ்சின்கள் எனது கடைக்குப் பின்னால் வரிசையாகக் கிடக்கின்றன. ஜேர்மன் கார்தான் வேண்டும் என்று மனம் வைத்தவரை நான் தடுப்பதில்லை. கண்டி வீதியின் வளைவுகளில் மழை நேரத்தில் ஒரு தரம் ஓட்டிப் பார்த்தவருக்கு அதன் பிடிமானம் எதற்கு என்று விளங்கும். காரின் விலையோடு நிற்காமல், முதல் மூன்று வருடத்துக்கு உதிரிப்பாகத்துக்கென்று தனியாக ஒரு தொகை ஒதுக்கிவிட்டு எடுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

போன மாதம் கிழக்கிலிருந்து ஒரு ஹாஜியார் வந்தார். அரிசி வியாபாரி. அழகான ஜேர்மன் கார், 20 அங்குலச் சக்கரம், அதற்குக் காகிதம் மாதிரி மெல்லிய டயர். ஊர் வீதியின் குழிகளில் விழுந்து ஆறு மாதத்தில் இரண்டு டயரும் ஒரு ரிம்மும் போய்விட்டன. இரண்டு பக்கமும் சஸ்பென்ஷன் புஷ்கள் தேய்ந்து கடகடவென்று சத்தம். நான் 18 அங்குலச் சக்கரமும் கொஞ்சம் தடித்த டயரும் எடுத்துக் காட்டினேன். கம்பனியே அந்த மொடலுக்கு அனுமதித்த அளவுதான். பார்த்துவிட்டு, "கார் சின்னதாத் தெரியும் போல இருக்கே தம்பி" என்றார். கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு பழைய 20 அங்குலச் சக்கரங்கள் நான்கையும் சாக்கில் சுற்றி டிக்கியில் வைக்கச் சொன்னார். மகளின் கல்யாணம் வருகிறதாம், அன்றைக்கு மட்டும் மாட்டிக்கொள்வாராம்.